ஃப்ரீடாஸில் முதல் நிரல் எழுதப் போகிறவர்களுக்கு

நாமக்கல் பக்கம் என் நண்பர் ஒருவர் லாரி எடைமேடை வைத்திருக்கிறார். எடை காட்டும் கருவியிலிருந்து எண்ணை வாங்கி, டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் சீட்டு அடித்துத் தரும் பழைய டாஸ் நிரல் ஒன்று அங்கே பல வருடங்களாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாள் ஹார்டு டிஸ்க் செத்தது. நிரலும் அதோடு போயிற்று. எழுதியவர் யார் என்று யாருக்கும் தெரியவில்லை. கணினியின் மற்ற பாகங்களும் பிரிண்டரும் கருவியும் நன்றாகவே இருந்ததால், அதே டாஸில் புதிதாக ஒன்று எழுதித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். டாஸ் என்பது கட்டளைகளை அடித்து இயக்கும் பழைய இயங்குதளம். அதோடு ஒத்துப்போகும் கட்டற்ற இயங்குதளமான ஃப்ரீடாஸைத்தான் நான் எடுத்துக்கொண்டேன்.

திரையில் ஒரே ஒரு சொல் தெரிவதற்கு எனக்கு மூன்று வாரம் பிடித்தது. அந்த நிரல் வெறும் ஏழு வரி. மூன்று வாரத்தையும் தின்றது நிரலாக்கம் அல்ல. எதை இறக்குவது, எதில் ஓட்டுவது, கம்பைலர் ஏன் கிடைக்கவில்லை என்கிறது, எழுதிய கோப்பை எப்படி உள்ளே கொண்டுபோவது என்ற கேள்விகள்தான் தின்றன. வரிசை தெரிந்தால் ஒரு சனிக்கிழமையில் முடிகிற வேலை அது. அந்த வரிசையைத்தான் கீழே கொடுக்கிறேன். சி மொழி கொஞ்சம் தெரியும், டாஸ் தெரியாது என்கிறவரை மனதில் வைத்து எழுதுகிறேன்.

ஒரு குறிப்பு: கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். விசைப்பலகையில் ஆங்கில எழுத்துகளில் அடிக்க வேண்டும். குழப்பம் வரக்கூடிய இடங்களில் எழுத்தெழுத்தாகப் பிரித்துக் காட்டியிருக்கிறேன்.

1. எதில் ஓட்டுவது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

கற்றுக்கொள்ளும் காலத்தில் மெய்நிகர் கணினியே, அதாவது உங்கள் கணினிக்குள் ஒரு சன்னலில் ஓடும் போலிக் கணினியே, போதும். அதைத் தரும் வர்ச்சுவல்பாக்ஸ், கியூஎமு மென்பொருள்கள் இரண்டும் இலவசம். விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். நீங்கள் எழுதிய நிரல் கணினியை முடக்கினால் ஒரு சன்னலை மூடித் திறந்தால் சரியாகிவிடும். டாஸில் எழுதப் பழகும்போது முடக்கம் ஒரு நாளில் இருபது முறை வரும். நிஜக் கணினியில் ஒவ்வொரு முறையும் அணைத்துப் போடுவது பொறுமையைச் சோதிக்கும்.

டாஸ்பாக்ஸ் போதாதா என்று பலரும் கேட்கிறார்கள். பழைய விளையாட்டுகளை ஓட்டுவதற்காக உருவான மென்பொருள் அது. டாஸின் வேலைகளைத் தானே நடித்துக் காட்டும். உங்கள் நிரல் கடைசியில் நிஜ டாஸ் கணினியில் ஓட வேண்டுமானால், நிஜ டாஸிலேயே பழகுங்கள். அங்கே வட்டு பிரிப்பதிலிருந்து நினைவகக் கணக்கு வரை எல்லாமே நிஜம்.

இங்கே இரண்டு பொறிகள் இருக்கின்றன. முதலாவது: கடைகளில் விலை குறைவாக, 'டாஸ்' என்று சீட்டு ஒட்டி விற்கும் மடிக்கணினிகள். விண்டோஸ் உரிமம் சேர்க்கப்படவில்லை என்பதுதான் அந்தச் சீட்டின் பொருள். அதில் டாஸ் நிரலாக்கத்துக்கு எல்லாம் தயாராக இருக்கிறது என்று நம்பி வாங்காதீர்கள். இரண்டாவது: ஃப்ரீடாஸ் தொடங்குவதற்கு, கணினியை எழுப்பும் பழைய பயாஸ் முறை வேண்டும். புதிய கணினிகள் பலவற்றில் அதற்குப் பதிலாக வந்த யுஇஎஃப்ஐ மட்டும்தான் இருக்கிறது. அமைப்புத் திரையில் 'லெகசி' அல்லது 'சிஎஸ்எம்' என்ற தேர்வு இல்லையென்றால், அந்தக் கணினியில் பென்டிரைவை எத்தனை முறை மாற்றி எழுதினாலும் ஃப்ரீடாஸ் நேரடியாக எழாது. இதைத் தெரிந்துகொள்ளவே எனக்கு நான்கு இரவுகள் போயின.

2. இறக்க வேண்டியவை, செலவு, நேரம்

ஃப்ரீடாஸ் கட்டற்ற மென்பொருள், காசு கிடையாது. 1.4 வெளியீடு 2025 ஏப்ரலில் வந்தது. ஃப்ரீடாஸ் திட்டத்தின் தளத்தில் பல தொகுப்புகள் வரிசையாக இருக்கும். மெய்நிகர் கணினிக்கு உங்களுக்கு வேண்டியவை இரண்டு: லைவ் சிடி, போனஸ் சிடி. நிரலாக்கக் கருவிகளில் பல போனஸ் சிடியில்தான் இருக்கின்றன. லைவ் சிடியை மட்டும் இறக்கிவிட்டு, கம்பைலர் எங்கே என்று தேடியவன் நான். பென்டிரைவில் போட்டு நிஜக் கணினியில் நிறுவப் போகிறவர்களுக்கு ஃபுல் யுஎஸ்பி. மிகப் பழைய, சிடியிலிருந்து தொடங்கத் தெரியாத கணினிக்கு ஃபிளாப்பித் தொகுப்பு.

இறங்கி வருவது ஜிப் கோப்பு. அதை விரித்து, உள்ளே இருக்கும் ஐஎஸ்ஓ கோப்பை (சிடியின் முழு நகல் அது) எடுத்துத்தான் மெய்நிகர் கணினியில் இணைக்க வேண்டும். ஜிப்பையே இணைத்துவிட்டு வேலை செய்யவில்லை என்று புலம்ப வேண்டாம்.

மைக்ரோசாஃப்டின் எம்எஸ்-டாஸ் 6.22 இணையத்தில் எங்கும் கிடைக்கிறதே என்று அதை எடுக்காதீர்கள். அது இன்றும் உரிமத்துக்கு உட்பட்டது. கடை, தொழிற்சாலை போன்ற இடத்தில் நிறுவித் தரும்போது இது வீண் வம்பு. ஃப்ரீடாஸில் அந்தக் கவலையே இல்லை. எனக்கு மொத்தச் செலவு ஒரு பென்டிரைவின் விலைதான். நேரத்தைப் பொறுத்தவரை, பதிவிறக்கம் போக நிறுவுவதற்கு அரை மணி, கம்பைலரைச் சீராக்க ஒரு மணி, முதல் நிரலுக்கு ஒரு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

3. நிறுவுதல்

வர்ச்சுவல்பாக்ஸில் புதிய கணினி உருவாக்கும்போது வகை 'அதர்', பதிப்பு 'டாஸ்' என்று கொடுங்கள். நினைவகம் 32 எம்பி தாராளம். வட்டு 1 ஜிபி போதும். பெரிதாகக் கொடுத்தால் டாஸுக்கு ஒரு பயனும் இல்லை. லைவ் சிடி ஐஎஸ்ஓவை இணைத்துத் தொடங்குங்கள். ஹார்டு டிஸ்க்கில் நிறுவும் தேர்வை எடுங்கள்.

வட்டு பிரிக்கப்படவில்லை, பிரிக்கட்டுமா என்று நிறுவி கேட்கும். ஆம் என்றதும் கணினியை மறுபடி தொடங்கச் சொல்லும். பலர் இங்கேதான் ஏதோ தவறு நடந்துவிட்டதாக நினைத்துக் கைவிடுகிறார்கள். தவறே இல்லை. மீண்டும் அதே ஐஎஸ்ஓவிலிருந்து தொடங்கி நிறுவியை ஓட்டினால், இம்முறை ஃபார்மட் செய்யக் கேட்டு மேலே போகும். முழு நிறுவலைத் தேர்ந்தெடுங்கள். முடிந்ததும் ஐஎஸ்ஓவைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். கழற்ற மறந்தால் நிறுவியே திரும்பத் திரும்ப வந்து நிற்கும்.

தொடக்க மெனுவில் நினைவக மேலாளர் தொடர்பாக நான்கு தேர்வுகள் வரும். மெய்நிகர் கணினியில் 'இன்வேலிட் ஆப்கோட்' என்று எண்களாகக் கொட்டி நின்றால், ஜெம்எம்எக்ஸ் என்ற மேலாளர் இல்லாத தேர்வை எடுத்துப் பாருங்கள். எனக்கு அதில் சரியானது.

இன்னொன்று. டாஸ் சும்மா இருக்கும்போதும் விசை அடிக்கப்பட்டதா என்று ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். அதனால் உங்கள் மடிக்கணினியின் விசிறி இரையத் தொடங்கலாம். எஃப்-டி-ஏ-பி-எம் என்ற கட்டளையை ஏபிஎம்டாஸ் என்ற சொல்லோடு சேர்த்து ஓட்டினால், சும்மா இருக்கும் நேரத்தில் செயலிக்கு ஓய்வு கொடுக்கும்.

எல்லாம் சரியாக எழுந்ததும், வேறு எதையும் தொடும் முன் கணினியை அணைத்து, அந்த வட்டுக் கோப்பை அப்படியே ஒரு நகல் எடுத்து வையுங்கள். பின்னால் எதைக் கெடுத்துக்கொண்டாலும் இந்த இடத்துக்கு இரண்டு நிமிடத்தில் திரும்பிவிடலாம்.

4. எந்த மொழி, எந்தக் கம்பைலர்

நம் ஊர்க் கல்லூரிகளில் படித்தவர்கள் கை தானாக டர்போ சி-யைத் தேடும். நீலத் திரையில் பழகிய கை அது. போர்லாண்டு நிறுவனம் டர்போ சி 2.01, டர்போ சி++ 1.01 ஆகியவற்றை இலவசமாக இறக்கிக்கொள்ளக் கொடுத்தது. ஆய்வகங்களில் சுற்றும் 3.0 பதிப்பு அப்படிக் கொடுக்கப்பட்டதல்ல. அதோடு அந்தப் பழக்கத்தில் எழுதிய நிரல்கள் வேறு எங்கும் அப்படியே ஓடாது. திரையைத் துடைக்கும் 'சிஎல்ஆர்எஸ்சிஆர்' கூட மொழியின் பகுதி அல்ல, போர்லாண்டின் சேர்க்கை. ஓப்பன் வாட்காமில் அது இல்லை. அங்கே 'கிராஃப்' தலைப்புக் கோப்பில் இருக்கும் வேறு செயல்கூறைப் பயன்படுத்த வேண்டும்.

என் பரிந்துரை ஓப்பன் வாட்காம் சி. இன்றும் கட்டற்றதாகக் கிடைக்கிறது. டாஸுக்கு 16 பிட் நிரலும் 32 பிட் நிரலும் ஆக்கித் தரும். ஆவணங்கள் அருமையானவை. மிகப் பழைய கணினியில்கூட உங்கள் நிரல் ஓட வேண்டுமென்றால் இதுதான்.

பெரிய நினைவகம் தேவைப்படுகிற நிரல் என்றால் டிஜேஜிபிபி. ஜிசிசி கம்பைலரின் டாஸ் வடிவம் அது. 386 அல்லது அதற்கு மேற்பட்ட செயலி வேண்டும். அதில் ஆக்கிய நிரல் ஓட, பெரிய நினைவகத்தைப் பயன்படுத்த விடும் டிபிஎம்ஐ என்ற சேவை தேவை. சி-டபிள்யூ-எஸ்-டிபிஎம்ஐ என்ற சிறிய கோப்பு அதைத் தரும். உங்கள் நிரலை வேறு கணினிக்குக் கொடுக்கும்போது இந்தக் கோப்பையும் கூடவே கொடுக்க மறந்தால், 'நோ டிபிஎம்ஐ' என்று சொல்லி நிரல் மறுத்துவிடும். ஊர் போய்ச் சேர்ந்த பிறகு இது நினைவுக்கு வந்தால் பஸ் டிக்கெட் காசு வீண்.

செயலியின் கட்டளைகளையே நேரடியாக எழுதும் அசெம்பிளி மொழிக்கு நாஸ்ம். பாஸ்கல் பழகியவர்களுக்கு ஃப்ரீ பாஸ்கல் இருக்கிறது. நான்கையும் ஒரே நாளில் நிறுவாதீர்கள். வாட்காமும் நாஸ்மும் போதும்.

நிறுவுவதற்கு போனஸ் சிடி ஐஎஸ்ஓவை மெய்நிகர் கணினியின் சிடி இயக்கியில் இணைத்து, எஃப்-டி-இம்பிள்ஸ் என்று அடியுங்கள். பட்டியல் வரும். மேம்பாட்டுப் பிரிவில் வேண்டியதைக் குறியிட்டு ஏற்றுக்கொள்ளுங்கள்.

5. பாதையையும் சூழல் மாறிகளையும் சரிசெய்தல்

நிறுவி முடித்து, ஆசையோடு கம்பைலரின் பெயரை அடித்தால், அப்படி ஒரு கட்டளையோ கோப்போ இல்லை என்று டாஸ் சொல்லும். கோப்பு அங்கேதான் இருக்கிறது. எங்கே தேடுவது என்றுதான் டாஸுக்குத் தெரியவில்லை.

கருவிகள் சி வட்டில் 'டெவெல்' என்ற அடைவின் கீழ்ப் போய் உட்காரும். சில தொகுப்புகள் 'லிங்க்ஸ்' அடைவில் ஒரு சிறிய கோப்பை வைத்துவிடுவதால் எங்கிருந்து அழைத்தாலும் ஓடும். வாட்காமுக்கு அது போதாது. அதற்குத் தன் தலைப்புக் கோப்புகளும் நூலகங்களும் எங்கே இருக்கின்றன என்று மாறிகள் வழியாகச் சொல்ல வேண்டும். அதைச் செய்யும் தொகுதிக் கோப்பு (வரிசையாக ஓட வேண்டிய கட்டளைகளை எழுதிய கோப்பு) ஒன்று வாட்காம் அடைவிலேயே இருக்கிறது. பெயர் ஓ-டபிள்யூ-செட்-என்வி. ஒவ்வொரு முறை டாஸைத் தொடங்கிய பிறகும் அதை ஒரு தடவை ஓட்டுங்கள். அலுத்துப்போனால் எஃப்டிஆட்டோ என்ற தொடக்கக் கோப்பின் கடைசியில் அதை அழைக்கும் வரியைச் சேர்த்துவிடலாம். 'கால்' என்ற சொல்லை முன்னால் போட்டு அழையுங்கள். அது இல்லாமல் அழைத்தால் கட்டுப்பாடு திரும்பி வராது, அதற்குப் பிறகு உள்ள வரிகள் ஓடாது.

மாறிகளுக்கான இடம் போதவில்லை என்று செய்தி வந்தால், எஃப்டிகான்ஃபிக் என்ற இன்னொரு தொடக்கக் கோப்பில் 'ஷெல்' என்று தொடங்கும் வரியைப் பாருங்கள். அதில் ஈ என்ற எழுத்துக்குப் பின்னால் 1024 போன்ற ஓர் எண் இருக்கும். 2048 ஆக்கிவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

கோப்புப் பெயருக்கு எட்டு எழுத்து, புள்ளி, பின்னொட்டு மூன்று எழுத்து. அதற்கு மேல் கிடையாது. கட்டளை வரியின் நீளமும் 127 எழுத்துக்குள் அடங்க வேண்டும். நிறையக் கோப்புகளை ஒன்றாகக் கம்பைல் செய்யும்போது இந்த வரம்பில் முட்டுவீர்கள். அப்போது பெயர்களை ஒரு கோப்பில் எழுதி அதைக் கம்பைலருக்குக் கொடுக்கலாம்.

6. முதல் நிரல், 21 பைட்

சி-க்குப் போகும் முன் இந்தச் சிறிய அசெம்பிளி நிரலை ஒரு முறை எழுதிப் பாருங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். டாஸ் எப்படி வேலை செய்கிறது என்பது இந்த ஏழு வரியில் கையில் கிடைத்துவிடும். 'எடிட்' கட்டளையில் வணக்கம் என்ற பெயரில் ஒரு கோப்பைத் திறந்து, பின்னொட்டு ஏஎஸ்எம் என்று கொடுத்து, இவற்றை ஒரு வரிக்கு ஒன்றாக எழுதுங்கள்:

ஆர்க் 256
மூவ் டிஎக்ஸ், செய்தி
மூவ் ஏஹெச், 9
இன்ட் 33
மூவ் ஏஎக்ஸ், 19456
இன்ட் 33
செய்தி: டிபி 'வணக்கம்' என்ற எட்டு ஆங்கில எழுத்துகளும், அவற்றை ஒட்டி ஒரு டாலர் குறியும், மேற்கோளுக்குள்

'செய்தி' என்ற இடத்திலும் ஆங்கில எழுத்துகளில் ஏதாவது ஒரு பெயர் வையுங்கள். நூல்களில் 256, 33 என்ற எண்கள் பதினாறடிமான வடிவில் 100, 21 என்று இருக்கும். இங்கே சாதாரணப் பத்தடிமான எண்ணாகவே கொடுத்திருக்கிறேன். நாஸ்ம் இரண்டையும் ஏற்கும்.

டாஸ் ஒரு காம் வகைக் கோப்பை ஏற்றும்போது, முதல் 256 பைட்டைத் தன் குறிப்புகளுக்கு வைத்துக்கொண்டு அதற்குப் பின்னால்தான் உங்கள் நிரலை வைக்கிறது. முதல் வரி அதைச் சொல்கிறது. அடுத்த மூன்று வரிகள்: செய்தியின் முகவரியை ஒரு பதிவகத்தில் (செயலிக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடம்) வை, 9-ஆம் சேவை வேண்டும் என்று சொல், 33-ஆம் குறுக்கீட்டால் டாஸைக் கூப்பிடு. அதற்கடுத்த இரண்டு: வேலை முடிந்தது, கட்டுப்பாட்டை வாங்கிக்கொள். கட்டளைகள் 12 பைட், செய்தி 9 பைட். மொத்தம் 21 பைட்டில் முழு நிரல்.

நாஸ்மை அழைக்கும்போது வெளியீட்டுப் பெயரை '-ஓ' குறியோடு, காம் என்ற பின்னொட்டும் சேர்த்துக் கொடுங்கள். கொடுக்காவிட்டால் பின்னொட்டு இல்லாத ஒரு கோப்பு உருவாகும். டாஸ் அதை நிரலாக ஏற்காது. கண் முன்னால் கோப்பு இருக்க, ஓட மறுக்கும்.

ஓடியதும் அந்த நிரலை வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள். நான் கற்றுக்கொண்டது இதில்தான் அதிகம். டாலர் குறியை எடுத்துவிட்டு ஓட்டுங்கள். வணக்கம் வரும், அதோடு நிற்காமல் நினைவகத்தில் அடுத்து என்ன கிடந்தாலும் எழுத்தாகக் கொட்டிக்கொண்டே போகும். சிரித்த முகம், சீட்டாட்டக் குறிகள், கோடுகள், இடையிடையே பீப் ஒலி. பீப் வருவது 7 என்ற மதிப்புள்ள பைட் கண்ணில் பட்டால். எங்கோ ஓரிடத்தில் தற்செயலாக 36 என்ற மதிப்பு, அதாவது ஒரு டாலர் குறி, தட்டுப்பட்டதும் நிற்கும். டாலரைத் திரும்ப வைத்துவிட்டு, இப்போது முதல் வரியை எடுத்துவிடுங்கள். 268-ஆம் இடத்தில் இருக்கும் செய்தியை நிரல் 12-ஆம் இடத்தில் தேடும். அது டாஸ் குறிப்பு வைத்திருக்கும் பகுதி. வணக்கத்துக்குப் பதிலாகக் குப்பை வரும். கடைசியாக, முடிவு சொல்லும் இரண்டு வரிகளை எடுத்தால், செயலி செய்தியின் எழுத்துகளையே கட்டளைகளாக நினைத்து ஓட்டத் தொடங்கும். அதன் பிறகு என்ன நடக்கும் என்று சொல்ல முடியாது. உங்களைத் தடுத்து நிறுத்த டாஸில் யாரும் இல்லை. இந்த ஒரு மணி நேரம், பின்னால் பல நாள் தேடலை மிச்சமாக்கும்.

7. சி-க்குப் போகும்போது

வாட்காமில் கம்பைல் செய்து இணைத்து நிரலாக்குவது ஒரே கட்டளைதான்: டபிள்யூ-சி-எல், பின்னால் கோப்பின் பெயர். பிழை இருந்தால் திரையில் ஓடி மறைந்துவிட்டதே என்று பதற வேண்டாம். அதே பெயரில் ஈஆர்ஆர் பின்னொட்டோடு ஒரு கோப்பில் எழுதி வைத்திருக்கும், எடிட்டில் திறந்து நிதானமாகப் படிக்கலாம். டிஜேஜிபிபி-யில் இந்த வசதி இல்லை. அதன் பிழைச் செய்திகள், திரையில் வருவதைக் கோப்புக்கு அனுப்பும் வழக்கமான திசைதிருப்பல் குறிக்கும் அடங்காது. கூடவே வரும் 'ரீடிர்' என்ற கருவியைப் பயன்படுத்த வேண்டும்.

எல்லாரும் விழுகிற குழி ஒன்றை விரிவாகச் சொல்கிறேன். 16 பிட் கம்பைலரில் 'இன்ட்' என்ற எண் வகை 32767 வரைதான் தாங்கும். இன்றைய கம்பைலர்களில் பழகியவர்களுக்கு இது மறந்தே போயிருக்கும். என் எடைச்சீட்டு நிரலை வெற்று லாரியோடு சோதித்தேன். 12 டன், சரியாக வந்தது. சிறிய சரக்கு வண்டி, சரி. மகிழ்ச்சியாக வீட்டுக்குப் போனேன். மறுநாள் சரக்கேற்றிய லாரி ஒன்று மேடையில் ஏறியது. கருவி 35500 கிலோ என்று காட்டுகிறது. சீட்டில் கழித்தல் குறியோடு 30036. ஓட்டுநர் சீட்டை என்னிடம் நீட்டியபோது என் முகத்தில் ஈயாடவில்லை. 35500-இலிருந்து 65536-ஐக் கழித்துப் பாருங்கள், அந்த எண் வரும்.

தீர்வு 'லாங்' வகை. ஆனால் மாறியை மட்டும் மாற்றினால் போதாது. எழுத்தை எண்ணாக மாற்றும் 'ஏடிஓஐ' இன்ட் எண்ணைத்தான் தரும், 'ஏடிஓஎல்' வேண்டும். அச்சிடும் இடத்தில் சதவீதக் குறிக்கும் டி எழுத்துக்கும் நடுவே எல் சேர்க்க வேண்டும். மூன்றில் ஒன்றை விட்டாலும் பழைய தவறு வேறு முகத்தோடு வரும்.

அடுத்தது நினைவக மாதிரி. எதுவும் சொல்லாவிட்டால் வாட்காம் 'ஸ்மால்' மாதிரியை எடுத்துக்கொள்ளும். கட்டளைகளுக்கு 64 கேபி, தரவுக்கு 64 கேபி. சீட்டு நிரலுக்கு இது ஏராளம். பெரிய அட்டவணை வைத்தால் 'லார்ஜ்' மாதிரிக்குப் போக, எம்-எல் என்ற தேர்வைச் சேர்க்க வேண்டும். செயல்கூறுகளுக்குள் பெரிய வரிசைகளை அறிவிக்காதீர்கள். அவை தங்கும் நினைவகப் பகுதியான ஸ்டாக் மிகச் சிறியது, 'ஸ்டாக் ஓவர்ஃப்ளோ' என்று நின்றுவிடும். அப்படிப்பட்ட வரிசைகளைச் செயல்கூறுக்கு வெளியே வையுங்கள். எவ்வளவு நினைவகம் மிச்சம் இருக்கிறது என்று பார்க்க 'மெம்' கட்டளை.

தமிழில் சீட்டு அடிக்க முடியாதா என்று நண்பர் கேட்டார். டாஸின் எழுத்துத் திரைக்கு யூனிகோடு தெரியாது. இன்றைய எடிட்டரில் தமிழில் எழுதிய குறிப்புரைகளை டாஸில் திறந்தால் கோடும் புள்ளியுமாகத்தான் தெரியும். வழி இல்லாமல் இல்லை. விஜிஏ அட்டைக்கு நம் சொந்த எழுத்து வடிவங்களை ஏற்றலாம், ஓர் எழுத்துக்கு 16 பைட். எட்டுப் புள்ளி அகலத்தில் ண, ஞ போன்றவை அடங்காமல் திணறும், இரண்டு கட்டங்கள் கொடுக்க வேண்டிவரும். மனதுக்குப் பிடித்த வேலை, ஆனால் முதல் மாதத்தில் தொடாதீர்கள்.

8. கோப்புகளை உள்ளே கொண்டுபோவதும் வெளியே எடுப்பதும்

வர்ச்சுவல்பாக்ஸின் பகிர்வு அடைவு வசதி டாஸுக்கு அதிகாரப்பூர்வமாக இல்லை. எளிய வழி, வேண்டிய கோப்புகளை ஒரு சிறிய ஐஎஸ்ஓ ஆக்கி சிடியாக இணைப்பது. பெயர்களை முதலிலேயே எட்டு எழுத்துக்குள் சுருக்கிவிடுங்கள். வெளியே எடுக்க ஃபிளாப்பிப் பிம்பம், அதாவது ஃபிளாப்பி போல இணைக்கும் கோப்பு, 1.44 எம்பி. நிரல் கோப்புகளுக்கு அது போதும்.

லினக்ஸில் கியூஎமு பயன்படுத்துகிறவர்கள் வட்டுப் பிம்பத்தையே நேரடியாக ஏற்றலாம். முதல் வட்டுப் பகுதி 63-ஆம் பிரிவில் (செக்டர்) தொடங்கினால், வட்டின் தொடக்கத்திலிருந்து எத்தனை பைட் தள்ளி என்று சொல்லும் தள்ளிவைப்பு எண் 32256. இதில் ஒரே ஓர் எச்சரிக்கை: மெய்நிகர் கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது ஏற்றவே ஏற்றாதீர்கள். இருபுறமும் ஒரே நேரத்தில் எழுதினால் வட்டின் அட்டவணை சிதையும். இரண்டு நாள் வேலையை இப்படி ஒரு நொடியில் இழந்தேன்.

வரி முடிவையும் கவனியுங்கள். டாஸ் வரியின் கடைசியில் 13, 10 என்று இரண்டு பைட்டை எதிர்பார்க்கும். லினக்ஸ் 10 மட்டும் வைக்கும். அங்கே எழுதிய தொகுதிக் கோப்புகள் இங்கே விசித்திரமாக நடந்துகொண்டால் இதை முதலில் சந்தேகியுங்கள்.

9. நிஜக் கருவியோடு இணைக்கும்போது

எடை காட்டும் கருவி, பார்கோடு கருவி, பழைய இயந்திரங்கள் எல்லாம் பெரும்பாலும் சீரியல் போர்ட் வழியாகப் பேசுபவை. வாங்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: யுஎஸ்பி-யிலிருந்து சீரியலுக்கு மாற்றும் கம்பி, டாஸ் நேரடியாக ஓடும் கணினியில் வேலை செய்யாது. அதற்கான இயக்கி மென்பொருள் அங்கே இல்லை. தாய்ப்பலகையிலேயே சீரியல் போர்ட் உள்ள பழைய கணினிதான் நல்லது. தனி அட்டையாகச் செருகும் போர்ட்களில் முகவரி வேறாக இருக்கலாம். பிரிண்டரும் அப்படியே: பேரலல் போர்ட் உள்ளதுதான் வேண்டும்.

ஆனால் மெய்நிகர் கணினியில் சோதிக்க அந்த யுஎஸ்பி கம்பி உதவும். வர்ச்சுவல்பாக்ஸின் சீரியல் அமைப்பில் முதல் போர்ட்டை இயக்கி, 'ஹோஸ்ட் டிவைஸ்' என்று கொடுத்துக் கம்பியின் பெயரை எழுதினால், உள்ளே டாஸுக்கு அது காம் 1, அதாவது முதல் சீரியல் போர்ட், ஆகத் தெரியும். லினக்ஸில் அனுமதி மறுத்தால் உங்கள் பயனர் பெயரை 'டயல்அவுட்' குழுவில் சேர்க்க வேண்டும்.

கருவியின் வேகம் என்ன என்பதை அதன் கையேட்டில் பாருங்கள். 'மோட்' கட்டளையில் காம் 1-க்கு 2400, என், 8, 1 (வேகம், பாரிட்டி இல்லை, 8 தரவு பிட், 1 நிறுத்தப் பிட்) என்பது போலக் கொடுக்க வேண்டும். கையேடு கிடைக்காவிட்டால் 1200, 2400, 4800, 9600 என்று வரிசையாக மாற்றிப் பாருங்கள். தவறான வேகத்தில் குப்பை எழுத்து வரும், சரியானதில் எண்கள் வரும்.

பயாஸின் சீரியல் சேவையை நம்பிப் பல நாள் போராடினேன். எதிர்முனை தயார் என்ற சைகைக் கம்பிகளை அது எதிர்பார்க்கும். எடைக்கருவிகளில் மூன்று கம்பி மட்டும் இணைத்திருப்பார்கள். சேவை காத்திருந்து காலம் கடந்துவிட்டது என்று திரும்பும். நேரடியாகப் போர்ட்டைப் படிப்பதே எளிது. காம் 1-க்கு 1021 என்ற போர்ட் முகவரியைப் படித்து, கடைசிப் பிட் 1 ஆக இருந்தால் ஓர் எழுத்து வந்திருக்கிறது என்று பொருள், 1016-இலிருந்து அதை எடுங்கள். வாட்காமில் 'ஐஎன்பி' என்ற செயல்கூறு இரண்டுக்கும் போதும். 9600 வேகத்தில் ஏறக்குறைய ஒரு மில்லிநொடிக்கு ஓர் எழுத்து வரும். பழைய சில்லுகள் ஒரே ஓர் எழுத்தைத்தான் பிடித்து வைத்திருக்கும். நீங்கள் திரையில் எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் அடுத்தது வந்து முந்தையதை அழித்துவிடும். ஆகவே முழு வரியையும் முதலில் வாங்கி முடியுங்கள், பிறகு திரைக்குப் போங்கள்.

10. பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய ஆவணங்கள்

ஃப்ரீடாஸில் 'ஹெல்ப்' என்று அடித்தால் எல்லாக் கட்டளைகளுக்கும் விளக்கம் இருக்கிறது. இணையம் இல்லாத இடத்தில் இதுவே துணை. டாஸ், பயாஸ் சேவைகள் ஒவ்வொன்றுக்கும் எந்தப் பதிவகத்தில் என்ன வைக்க வேண்டும் என்பதற்கு ரால்ஃப் பிரவுனின் குறுக்கீட்டுப் பட்டியல். 2000-ஆம் ஆண்டில் வந்த 61-ஆம் வெளியீடுதான் கடைசி, இலவசம். வாட்காமின் சி நூலகக் கையேட்டைத் தனியாக இறக்கி வையுங்கள். இந்த மூன்றுக்கு மேல் எனக்கு எதுவும் தேவைப்படவில்லை.

இவற்றோடு நீங்களே எழுதும் ஒரு தாளும் வேண்டும். கடையில் நிறுவிவிட்டு வரும் நாளில், கம்பைலரின் பெயர், பதிப்பு, கம்பைல் செய்த கட்டளை, போர்ட்டின் வேகம், தொடக்கக் கோப்புகள் இரண்டின் அச்சுப் பிரதி ஆகியவற்றை எழுதி, மூல நிரல் உள்ள பென்டிரைவோடு ஓர் உறையில் போட்டுக் கடைக்காரரிடமே கொடுங்கள். நண்பரின் எடைமேடையில் அந்த உறை, கணினிப் பெட்டியின் உள்பக்கத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது.